கேனோனெட் ஜி-3 வாங்கப் போகிறேன்: கால் மணி நேரத்தில் எதையெல்லாம் சோதிக்கலாம்?

பசுண்டான் தம்பி:

அண்ணன்மாருக்கு வணக்கம். ரங்கூனில் ஒருவரிடம் கேனோனெட் க்யூஎல்17 ஜி-3 என்ற பழைய ஃபிலிம் கேமரா விலைக்கு இருக்கிறது. பல வருஷம் தோல் உறையோடு அலமாரியில் கிடந்ததாம். படத்தில் பார்த்தவரை மேலே கீறல் இல்லை. ஃபில்டர் வளையத்தில் மட்டும் ஒரு சின்ன நசுங்கல். "ஷட்டர் நல்லா அடிக்குது, மீட்டர் மட்டும் ஓடல, பேட்டரி போட்டா சரியாயிடும்" என்கிறார் (மீட்டர் என்பது வெளிச்சம் அளக்கும் கருவி). பின்மூடி ஓரத்தில் கறுப்பாகப் பிசுபிசுப்பு தெரிகிறது. லென்சுக்குள் வெள்ளையாக ஏதோ இருப்பதைக் கேட்டதற்கு "தூசிதான்" என்று பதில். அதே ஆளிடம் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் ஒன்றும் இருக்கிறது, விலை குறைவு.

சனிக்கிழமை பன்சொடான் பக்கம் டீக்கடையில் சந்திக்கிறோம். கையில் வைத்துப் பார்க்கக் கால் மணி நேரம் கிடைக்கும். எதை முதலில் பார்ப்பது? எந்தக் கோளாறு இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும்? சர்வீஸ் செலவுக்கு விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

மௌல்மேன்காரர்:

தம்பி, சின்ன எல்இடி டார்ச், ஸ்லோ மோஷன் எடுக்கும் கைபேசி, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு, 675 எண் காதுக்கருவி பேட்டரி ஒன்று, இவ்வளவும் சட்டைப்பையில் இருக்கட்டும். போகுமுன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "நான் வரும்வரை ஷட்டரை அடித்துப் பார்க்காதீர்கள்." இது ஏன் முக்கியம் என்றால், எண்ணெய் ஒட்டிய ஷட்டர் முதல் அடியில்தான் திணறும். நாலைந்து தடவை அடித்துவிட்டால் இதழ்கள் இளகிச் சரியாக ஓடுவதுபோலக் காட்டும். மறுநாள் காலையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் அடியை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கையில் வாங்கியதும் அப்பர்ச்சர் வளையத்தை (லென்ஸ் திறப்பின் அளவை மாற்றும் வளையம்) 'ஏ' என்ற ஆட்டோ குறியிலிருந்து நகர்த்திவிடுங்கள். பேட்டரி இல்லாமல் 'ஏ'யில் இருந்தால் பொத்தான் இறங்காது. வெளிச்சம் அளவுக்குள் வராதபோது பூட்டிக்கொள்ளும்படிதான் அந்த கேமராவைச் செய்திருக்கிறார்கள். ஷட்டர் இறுகிவிட்டது என்று பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கையால் அப்பர்ச்சர் வைத்தால் பேட்டரியே இல்லாமல் எல்லா வேகமும் ஓடும்.

பின்மூடியைத் திறந்து, அப்பர்ச்சரை 1.7க்கும் வேகத்தை 1/4க்கும் வையுங்கள். லென்சை வாசல் வெளிச்சத்துக்குக் காட்டி, பின்னாலிருந்து பார்த்தபடி அடியுங்கள். இதழ்கள் சட்டென்று முழுசாக விரிந்து சட்டென்று மூட வேண்டும். பாதியில் நின்று மெல்ல ஊர்ந்தால் எண்ணெய். இதழின் மேல் வானவில் நிறத்தில் மினுக்கம் தெரிந்தாலும் எண்ணெய். அதே நிலையில் கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனை ஓட்டிவிட்டு, ஷட்டர் திறந்திருக்கும் படங்களை எண்ணுங்கள். 1/4க்கு 60 படம் வர வேண்டும், 1/8க்கு 30, 1/15க்கு 16, 1/30க்கு 8. அதற்கு மேல் இந்த முறை நம்பகமில்லை. 1/4இல் 60க்குப் பதில் 90 வந்தால் மெதுவேகப் பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. கழுவி எண்ணெயிட்டால் தீரும் கோளாறுதான். 1/500 கொஞ்சம் மந்தமாக இருப்பது இந்த வயது லீஃப் (இதழ்) ஷட்டரில் சகஜம், நெகடிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். பாதியில் சிக்கினால் கேமரா அப்போதே உங்கள் தலையில்.

அடுத்து கண்ணாடி. "தூசிதான்" என்ற பேச்சை இந்த ஊரில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தூசி புள்ளி புள்ளியாக இருக்கும். பூஞ்சணம் ஓரத்திலிருந்து கிளம்பி, சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் போகும். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தால் நூல் வெள்ளையாகப் பளிச்சிடும். ஷட்டர் மூடியிருக்கும்போது முன்னாலிருந்து தெரிகிறதா பின்னாலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்பு இதழ்கள் திரைபோல நிற்பதால், முன்னால் தெரிவது முன்கண்ணாடிக் கூட்டத்தில் இருக்கிறது, பின்னால் தெரிவது பின்கூட்டத்தில். பிறகு வேக வளையத்தை 'பி'யில் வைத்து (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே நிற்கும்) பொத்தானைப் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தை உள்ளே விட்டு முழு வட்டத்தையும் பாருங்கள். புகைபோல ஒரே சீராக மங்கல் தெரிந்தால் அது கிரீஸ் ஆவி படிந்தது. பெரும்பாலும் துடைத்தால் போகும். நூல் படர்ந்த இடத்தில் கோட்டிங் அரிக்கப்பட்டிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். ஓரத்தில் 2, 3 மி.மீ. நூல் ஒன்றிரண்டு படத்தில் தெரியாது. நடுவில் சிலந்திக்கூடு என்றால் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

இனி ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் அமைப்பு. வியூஃபைண்டர் நடுவில் உள்ள சின்னக் கட்டத்தில் இரட்டை உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாக இருந்தால், வியூஃபைண்டரின் முன்ஜன்னல் நடுவில் இன்சுலேஷன் டேப்பை 3 மி.மீ. சதுரமாக வெட்டி ஒட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் நேர் வெளிச்சம் குறைவதால் இரண்டாவது உருவம் எடுப்பாகத் தெரியும். டேப் ஒட்டியும் கட்டமே தெரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் அரைவெள்ளிக் கண்ணாடியின் (பாதி வெளிச்சத்தை விட்டு மீதியைத் திருப்பும் கண்ணாடி) பூச்சு போய்விட்டது. அந்தக் கண்ணாடிக்கு மாற்று வேறொரு பழுதான கேமராவிலிருந்துதான் வரும்.

கட்டம் தெரிந்தால் சரியா என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது பாருங்கள். ஷ்வேடகோன் பயாவின் உச்சிக் குடை தூரத்தில் தெரியும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல குறி இல்லை, இரவில் விளக்கு எரியும்போது இன்னும் துல்லியம். ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக்குத் தள்ளினால் இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். பக்கவாட்டில் விலகியிருக்கிறதா என்று கம்பத்தை வைத்துப் பாருங்கள்; மேல்கீழாக விலகியிருக்கிறதா என்று தெருவில் ஓடும் மின்கம்பியை வைத்துப் பாருங்கள். பிறகு கிட்டத்தில் 1 மீட்டர். இந்த அளவை லென்ஸ் முனையிலிருந்து எடுக்கக் கூடாது, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். தூரத்தில் மட்டும் சற்று விலகல் என்றால் மேல்மூடியைக் கழற்றித் திருகில் சரிசெய்வது. தூரத்தில் சரி, கிட்டத்தில் தவறு என்றால் உள்ளே நெம்புகோல் வளைந்திருக்கலாம். நீங்கள் சொன்ன நசுங்கல் கீழே விழுந்ததற்கான அடையாளம், ஆகவே இந்தச் சோதனையை எக்காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். லென்ஸ் குழலை இரு விரலால் பிடித்து லேசாக ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்திருகுகள் தளர்ந்திருக்கும்.

பின்மூடிப் பிசுபிசுப்புக்குக் கவலைப்பட வேண்டாம். அது உள்ளே வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரை ரப்பர் சீல் கரைந்தது. இத்தனை வருஷத்துக்குக் கரையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தட்டோன் 35:

மௌல்மேன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. "பேட்டரி போட்டால் சரியாகும்" என்ற பேச்சைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

கேனோனெட்டுக்கு முதலில் வந்தது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, 625 வகை. இப்போது தயாரிப்பில் இல்லை. கடையில் "இதுவும் 625தான்" என்று தருவது 1.5 வோல்ட் ஆல்கலைன். அளவு சரியாக உட்காரும், ஆனால் தொடக்கத்தில் வோல்ட் அதிகம், பிறகு ஓட ஓட இறங்கிக்கொண்டே போகும். மீட்டர் முதல் ரோலில் ஒரு கணக்கும் அடுத்த ரோலில் வேறு கணக்கும் சொல்லும். நம்பிக்கையானது காதுக்கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர். 1.4 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய சமமாக நிற்கும். விட்டம் 11.6 மி.மீ. மட்டுமே, 625இன் இடம் 16 மி.மீ. அருகில். அதனால் சுற்றிலும் ரப்பர் ஓ-ரிங் ஒன்று போட்டு நடுவில் உட்கார வையுங்கள். ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்று பட ஒரு நிமிஷம் விட்டு, பிறகு மூடுங்கள். பிரித்துவிட்டால் கேமராவை உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் சில வாரத்திலிருந்து ஓரிரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும், நம் மழைக்கால ஈரத்தில் இன்னும் சீக்கிரம். இன்னொரு வழி எஸ்ஆர்44 சில்வர் ஆக்ஸைடு 1.55 வோல்ட், ஷாட்கி டையோடு உள்ள அடாப்டரில் போட்டால் 0.2 வோல்ட் அளவு குறைத்துக் கொடுக்கும். நீண்ட நாள் உழைக்கும்.

சனிக்கிழமை சோதனை: அடிப்பக்க மூடியைத் திறந்து பச்சை உப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தகட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. அரிப்பு கம்பி வழியே மேலே ஏறிக் கம்பியைக் கறுப்பாக்கிவிடும், புதுக் கம்பி சால்டர் செய்ய வேண்டும். சின்ன வேலைதான் என்றாலும் விலை பேசும்போது கணக்கில் வையுங்கள். உப்பு இல்லை என்றால் உங்கள் 675ஐப் போட்டு பேட்டரி சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், பக்கத்து விளக்கு எரிய வேண்டும். பிறகு 'ஏ'யில் வைத்து வியூஃபைண்டரில் முள்ளைப் பாருங்கள். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் திருப்பினால் முள் நகர வேண்டும்.

முள் செத்திருந்தாலும் நான் இந்த கேமராவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 400 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் 1/500, எஃப் 16. மழைமேகம் கவிந்திருந்தால் அதே வேகத்தில் எஃப் 5.6. மனசில் நிற்கும் கணக்கு இது. கண்ணாடியும் ரேஞ்ச்ஃபைண்டரும் கெட்டால்தான் படம் போகும்.

பெகு ரயிலடி:

எலக்ட்ரோவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். விலை குறைவு என்று அதை எடுக்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி இல்லாத எலக்ட்ரோ எந்த அப்பர்ச்சரிலும் 1/500இல்தான் அடிக்கும். விற்பவர் 'கிளிக்' என்று அடித்துக் காட்டுவதால் ஒன்றும் நிரூபணமாகாது. பேட்டரி இல்லாமல் அதை வாங்கவே கூடாது.

அதற்கு முதலில் போட்டது 5.6 வோல்ட் பாதரசம். இப்போது 6 வோல்ட் 4எல்ஆர்44 போடலாம், அந்தச் சுற்று இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. பேட்டரி அறை பெரிதாக இருக்கும். அட்டையைச் சுருட்டி நடுவில் நிறுத்தி, மீதி நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வையுங்கள். போட்டதும் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். இருட்டுப் பக்கம் மஞ்சள் விளக்கு, அப்பர்ச்சரை 1.7இல் வைத்து வெயிலைப் பார்த்தால் சிவப்பு. பிறகு முன்னால் உள்ள சென்சார் ஜன்னலை விரலால் மூடி அழுத்துங்கள், ஷட்டர் பல நொடி திறந்தே நிற்க வேண்டும்.

இந்த மாடலின் பெரிய வியாதி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு. அது நொறுங்கினால் விளக்குகள் தாறுமாறாக எரியும், எக்ஸ்போஷர் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். கண்டுபிடிக்கச் சுலபம்: வைண்டிங் நெம்புகோலை மெதுவாக இழுங்கள், 'டக்' என்று ஒரு தனிச் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று வந்தால் ரப்பர் போய்விட்டது. மாற்றுவதற்கு மேல்மூடி வரை கழற்ற வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: சர்வீஸ் செய்யக் கைதேர்ந்த ஆள் பக்கத்தில் இல்லை என்றால் கேனோனெட். அது எந்திரம், பேட்டரி இல்லாமலும் ஓடும். எலக்ட்ரோவில் மின்சுற்று போனால் எல்லாம் போச்சு. லென்ஸ் இரண்டும் 1.7தான், யாஷிகா 45 மி.மீ., கேனோனெட் 40 மி.மீ. தெருவில் எடுப்பதற்கு எனக்கு 40 பிடிக்கும்.

பசுண்டான் தம்பி:

அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. சோதித்ததில் கிடைத்தது இது. 1/4இல் முதல் அடி: இதழ்கள் பாதியில் நின்று ஊர்ந்து மூடின. நாலாவது அடியில் 64 படம். 1/30இல் 8. முன்கண்ணாடிக் கூட்டத்தின் உள்பக்கம், ஓரத்தில் ஒரு நூல், 3 மி.மீ. இருக்கும், நடு சுத்தம். கட்டம் மங்கல், டேப் ஒட்டினால் தெளிவு. தூரத்தில் பக்கவாட்டில் மயிரிழை விலகல், 1 மீட்டரில் சரி. பேட்டரி அறையில் உப்பு இல்லை, விளக்கு எரிகிறது, முள் நகர்கிறது.

இன்னும் பணம் கொடுக்கவில்லை. விற்பவர் "லைட்டர் பெட்ரோலை முன்னாலிருந்து நாலு சொட்டு விட்டால் ஷட்டர் சரியாகிவிடும், நானே செய்து தருகிறேன்" என்கிறார். விடலாமா?

மௌல்மேன்காரர்:

விடாதீர்கள். இன்றைக்கே போன் செய்து தடுத்துவிடுங்கள்.

முன்கண்ணாடி இருக்கும்போது விட்ட பெட்ரோல் இதழில் உள்ள எண்ணெயைக் கரைத்து, அதைக் கண்ணாடிகளுக்கு இடையிலும் அப்பர்ச்சர் இதழ்களிலும் கொண்டுபோய்ப் படிய வைக்கும். பெட்ரோல் ஆவியாகும், எண்ணெய் ஆவியாகாது. இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி ஒட்டும், போதாததற்கு லென்சில் புகைமூட்டமும் சேரும். முறையான வேலை வேறு: முன் பெயர்வளையத்தைக் கழற்றி, முன்கண்ணாடிக் கூட்டத்தைத் திருகி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். அப்போது ஷட்டர் இதழ்கள் நேராகக் கண்ணுக்குத் தெரியும். லைட்டர் பெட்ரோலில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் இதழைத் தொட்டு, ஷட்டரை அடித்து, புதுப் பட்ஸால் மறுபடி தொட்டு, பட்ஸில் கறை வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இதழில் பிறகு எண்ணெயே இடக் கூடாது, அவை உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய் வந்த வழி ஃபோகஸ் திருகின் பழைய கிரீஸ். அதை மாற்றாமல் விட்டால் ஒன்றிரண்டு வெயில் காலத்தில் மறுபடி இதழுக்கு வரும்.

உங்கள் நூல் இருப்பதும் அந்த முன்கூட்டத்தின் உள்பக்கம்தான். கழற்றிய கையோடு துடைத்துவிடலாம், இது உங்கள் அதிர்ஷ்டம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வீட்டு அமோனியாவும் சம அளவு கலந்து, பஞ்சில் லேசாகத் தொட்டு, உடனே ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. அரைவெள்ளிக் கண்ணாடியை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது என்று சர்வீஸ் செய்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூச்சு ஒரே தேய்ப்பில் வந்துவிடும். ஊதி மட்டும் தூசி எடுக்க வேண்டும். இப்போது மங்கலாக இருந்தாலும் டேப்போடு ஓடுகிறது, அது போதும்.

விலை விஷயம். சர்வீஸ் செய்து உத்தரவாதத்தோடு போகும் கேனோனெட் நம் பேஸ்புக் குரூப்களில் என்ன விலைக்குப் போகிறதோ, அதிலிருந்து முழு சர்வீஸ் கூலியையும் போகவர அனுப்பும் செலவையும் கழியுங்கள். அதற்குக் கீழே வந்தால் வாங்கலாம். "சர்வீஸ் ஆனது" என்று ஒருவர் விற்றால், ஷட்டரைக் கழற்றித் துடைத்தார்களா, கிரீஸ் மாற்றினார்களா, எந்த மாதம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் சர்வீஸ் ஆகாத விலையே சரி.

தட்டோன் 35:

சீலை நீங்களே மாற்றலாம், அதற்குக் கூலி கொடுக்க வேண்டாம். ஃபிலிம் ஜன்னலின் மேல் காகிதத்தை டேப் போட்டு மூடிவிடுங்கள். பழைய நுரையின் துணுக்கு லென்ஸ் பின்புறத்தில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். மூங்கில் குச்சியைச் சீவி ஐசோபிரொபைல் ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டுங்கள். அசிட்டோன் வேண்டாம், பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். மேலும் கீழும் உள்ள நீளப் பள்ளத்துக்குக் கறுப்புப் பின்னல் நூல் ஓர் இழை வைத்து அழுத்தினால் பொருந்தும். கீல் பக்கம் 2 மி.மீ. கறுப்பு நுரை. ஒட்டிய பிறகு மூடி சிரமப்பட்டு மூடினால் நுரை தடிமன் அதிகம், மெல்லியதாக மாற்றுங்கள்.

அந்தத் தோல் உறையை அப்படியே எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்துக்கு அதுதான் வீடு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80ஐத் தாண்டும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ட்ரை கேபினெட்டை நம்பி இருக்க முடியாது. ரப்பர் வளையமுள்ள சாப்பாட்டு டப்பா 10 லிட்டர், சிலிக்கா ஜெல் 200 கிராம், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ரொம்பக் காய்ந்தாலும் கிரீஸுக்கு ஆகாது. ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நாப்தலின் உருண்டை கூட வைக்காதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நாலு நாளும் கேமரா டப்பாவை விட்டு வெளியே வர வேண்டாம்.

பெகு ரயிலடி:

வாங்கிச் சர்வீஸ் முடிந்து வந்ததும், ரேஞ்ச்ஃபைண்டர் திருகிய பிறகு லென்சும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று ஃபிலிம் போடாமலே பார்க்கலாம். 34 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் மங்கலாக்குங்கள். மங்கல் பக்கம் லென்சைப் பார்க்க, பின்மூடிக்குள் ஃபிலிம் படியும் உள் தண்டவாளங்களின் மேல் படிய வையுங்கள். வெளித் தண்டவாளத்தின் மேல் வைத்தால் ஃபிலிம் தளத்தைவிடப் பின்னால் போய்விடும், அளவு பொய்யாகும். 'பி'யில் கேபிள் ரிலீஸை (பொத்தானை அழுத்திப் பிடிக்கும் கம்பி) பூட்டி, 1.7இல் தூரத்து விளக்கைப் பார்த்து, லூப் (உருப்பெருக்கி) வைத்துக் கூர்மை பாருங்கள். கண்ணாடியில் கூர்மையாக இருக்கும் அதே நேரம் வியூஃபைண்டரிலும் இரண்டு உருவம் ஒன்றாகியிருக்க வேண்டும். 1 மீட்டரிலும் ஒரு தடவை. இரண்டும் ஒத்தால் 24 படச் சுருள் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் இரண்டு படம், எண்ணைக் குறித்துக்கொண்டு எடுங்கள். நெகடிவை லேபிலிருந்து வெட்டாமல் முழு நீளமாகக் கேட்டு வாங்குங்கள். படங்களுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.